ஜார்ஜ் எலியட்: தீர்ப்பைத் தள்ளிவைக்கும் குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆண் பெயரில் எழுதிய ஆங்கிலப் பெண் நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலை இந்தக் கோடை விடுமுறையில் படித்து முடித்தேன். டோரதியாவும் மருத்துவர் லிட்கேட்டும் மனத்தைவிட்டு அகல மறுக்கிறார்கள். ஆனாலும் இரண்டு கேள்விகள் எஞ்சி நிற்கின்றன. கதைசொல்லி அடிக்கடி குறுக்கே வந்து பேசுகிறார். நாவலாசிரியர் விலகி நிற்க வேண்டும் என்று கற்ற எனக்கு இது இடையூறாகவே இருந்தது. இந்தக் குறையோடும் இந்நாவல் இன்றுவரை வாழ்வது எப்படி? அடுத்தது, மணமான ஒருவருடன் ஊரை எதிர்த்து வாழ்ந்தவர் எலியட். தமக்கு இருந்த துணிவைத் தம் கதாநாயகிகளுக்கு அவர் ஏன் கொடுக்கவில்லை? ‘தி மில் ஆன் தி ஃபிளாஸ்’ நாவலின் மேகி வெள்ளத்தில் மூழ்கிப்போகிறாள்; டோரதியா ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் மனைவியாக ஒடுங்கிவிடுகிறாள். எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

தங்கள் வாசகி,
கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில்தான் வேர்கொண்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். முதலில் அந்தக் குரலைப் பற்றி. எலியட்டின் கதைசொல்லி இரண்டு வகையாகக் குறுக்கிடுகிறார். சில இடங்களில் தம் கருத்துகளை விளக்கி வாதிடுகிறார். ‘ஆடம் பீட்’ நாவலின் பதினேழாம் அத்தியாயம் கதையை நிறுத்திவிட்டு யதார்த்தவாதத்துக்காக வழக்காடுவது அவ்வகை. அத்தகைய பக்கங்கள் இன்று கனக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஒரு மனிதரைப் பற்றி நாம் முடிவுக்கு வரப்போகும் தறுவாயில் நம்மைத் தடுத்து நிறுத்துவதற்காகவும் அதே குரல் எழுகிறது. ‘மிடில்மார்ச்’ நாவலை நூற்றைம்பது ஆண்டுகளாகப் படிக்கவைப்பது இந்த இரண்டாவது குறுக்கீடுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இருபத்தொன்பதாம் அத்தியாயத்தின் தொடக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதற்குள் டோரதியாவின் கணவர் கசாபனை நாம் முழுமையாக வெறுத்திருப்போம். பேசும்முன் கண்ணைச் சிமிட்டுகிறார், கரண்டியைச் சுரண்டுகிறார் என்று டோரதியாவின் தங்கை சீலியா குறை சொல்லும்போது நாமும் சேர்ந்துகொள்கிறோம். புராணங்கள் அனைத்துக்கும் திறவுகோல் தேடும் அவருடைய ஆய்வு ஒருநாளும் முடியாது என்பதும், பத்தொன்பது வயதில் அவரை நம்பிக் கைப்பிடித்த பெண் ரோமாபுரியில் தேனிலவுக் காலத்திலேயே தனித்து அழுகிறாள் என்பதும் நமக்குத் தெரியும். அந்நிலையில், கசாபனின் லோவிக் இல்லத்தில் ஒருநாள் காலை டோரதியா என்று தொடங்கும் வாக்கியம் பாதியில் நின்று, ‘ஆனால் எப்போதும் டோரதியாவே ஏன்?’ என்று நம்மைக் கேட்கிறது. இந்தத் திருமணத்தைப் பற்றி அவளுடைய பார்வை ஒன்றுதானா சாத்தியம்? பிறகு அந்தக் குரல் கசாபனின் மனத்துக்குள் இறங்குகிறது. தம் நூல் தேறாது என்ற அச்சம், பிற அறிஞர்கள் ஏளனம் செய்வார்களோ என்ற நடுக்கம், திருமணம் தரும் என்று எதிர்பார்த்த இன்பம் தம்மிடம் ஊறவே இல்லை என்ற திகைப்பு எல்லாம் அங்கே இருக்கின்றன. அதைப் படித்தபின்னும் கசாபன் நமக்குப் பிடித்தமானவர் ஆவதில்லை. ஆனால் அவரை ஒதுக்கித் தள்ளும் உரிமை நம்மிடமிருந்து பறிபோய்விடுகிறது. கசாபனுக்கு முன்மாதிரி யார் என்று கேட்டபோது எலியட் தம் நெஞ்சையே சுட்டிக்காட்டினார் என்று அவரை அறிந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு நூலையும் தம்மால் முடிக்க இயலுமா என்ற வாட்டத்தோடே எழுதியவர் அவர் என்பதால் அதை நம்புவதில் எனக்குத் தயக்கமில்லை.

இந்தக் குரல் எப்போது அடங்க வேண்டும் என்பதையும் எலியட் நன்கு அறிந்திருந்தார். எழுபத்து நான்காம் அத்தியாயத்துக்குள், பக்திமானாக ஊரில் உயர்ந்து நின்ற வங்கியாளர் புல்ஸ்ட்ரோடின் பழைய மோசடி அம்பலமாகிவிடுகிறது. ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி அவர் மனைவி ஹாரியட்டுக்கு மட்டும் தெரியவில்லை. அண்டை வீட்டுப் பெண்களின் பரிவான பேச்சில் ஏதோ இருக்கிறது என்று துணுக்குற்று, கடைசியில் தன் சகோதரர் வின்சியிடமிருந்து உண்மையை அறிந்துகொள்கிறாள். வீட்டுக்கு வந்து அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். நல்ல உடையிலும் அலங்காரத்திலும் ஆசையுள்ள எளிய பெண் அவள். ஆழ்ந்த சிந்தனைக்காரி என்று அதுவரை நாவல் நம்மை நினைக்கவிட்டதே இல்லை. அவள் தன் அணிகலன்களை எல்லாம் கழற்றுகிறாள். சாதாரணக் கறுப்பு உடையை உடுத்தி, அலங்காரத் தொப்பியை நீக்கிவிட்டு, தலைமுடியைப் படிய வாரி, எளிய தொப்பி ஒன்றை அணிந்துகொள்கிறாள். நம் வாசகருக்கு உடனே கைம்மைக் கோலம் நினைவுக்கு வரும். இவளோ உயிரோடிருக்கும் கணவனின் அவமானத்தில் பங்குகொள்வதற்காக இந்தக் கோலத்தை ஏற்கிறாள். இரவு எட்டு மணிக்குக் கீழே இறங்கிச் செல்கிறாள். தலைகுனிந்து, உடல் சிறுத்துப்போனவர்போல் உட்கார்ந்திருக்கும் அவருடைய தோளில் ஒரு கையை வைத்து, ‘நிமிர்ந்து பாருங்கள், நிக்கோலஸ்’ என்கிறாள். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று அவள் கேட்கவில்லை. நான் குற்றமற்றவன் என்று அவரும் சொல்லவில்லை. அத்துடன் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. புல்ஸ்ட்ரோடை மன்னிக்கும்படி நம்மிடம் யாரும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கசாபன் விஷயத்தில் அந்தக் குரல் நம்மைப் பழக்கியிராவிட்டால், இந்தப் பக்கத்தை வெறும் பதிவிரதைக் கதையாகவே படித்திருப்போம்.

இந்தப் பண்பு அவருடைய வாழ்க்கையிலிருந்து வந்தது. மேரி ஆன் எவன்ஸ் என்ற இயற்பெயருடன் 1819 நவம்பர் 22 அன்று, வார்விக்ஷயரில் நனீட்டன் அருகே ஒரு பண்ணையில், எஸ்டேட் மேலாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1842இல், இருபத்திரண்டு வயதில், தமக்கு நம்பிக்கையில்லாத தேவாலயத்துக்கு வரமாட்டேன் என்று மறுத்தார். தந்தையுடன் பெரும் பிணக்கு ஏற்பட்டது. சில மாதங்களில் ஓர் உடன்பாடு: தேவாலயத்துக்கு வருவார், அங்கே எதை நினைப்பது என்பது அவருடைய விருப்பம். கருத்தின் உண்மையைவிட உணர்வின் உண்மையே மனிதரைப் பிணைக்கிறது என்று மறு ஆண்டே தோழிக்கு எழுதிய அவர், 1849இல் தந்தை இறக்கும்வரை உடனிருந்து பணிவிடை செய்தார். அதே காலத்தில்தான் இயேசுவின் வாழ்வை வரலாற்று நோக்கில் ஆராய்ந்த ஸ்ட்ராஸின் ஜெர்மன் நூலை மொழிபெயர்த்து, தம் பெயர் இல்லாமலே 1846இல் வெளியிட்டார். நம்பிக்கையைத் துறந்த ஒருவர் நம்புகிறவர்களை இத்தனை மதிப்போடு எழுதியதற்கு ஆங்கில நாவலில் வேறு எடுத்துக்காட்டை நான் அறியேன்.

பிறகு லண்டன், ‘வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ’ இதழின் ஆசிரியப் பணி, எழுத்தாளர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸின் நட்பு. லூயிஸின் மனைவி வேறொருவருடன் உறவு கொண்டு குழந்தை பெற்றிருந்தார். அந்தக் குழந்தையைத் தம் பெயரிலேயே லூயிஸ் பதிவு செய்திருந்ததால், அன்றைய சட்டத்தின்படி அவர் மணவிலக்குக் கோர வழியில்லாமல் போயிற்று. 1854 ஜூலையில் எலியட்டும் லூயிஸும் ஜெர்மனிக்குப் புறப்பட்டனர். திரும்பியபின் ஆண்கள் அவர்கள் வீட்டு விருந்துக்கு வந்தார்கள், மனைவிமாரை அழைத்துவரவில்லை. 1857இல் செய்தியறிந்த எலியட்டின் அண்ணன் ஐசக், வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்பிவிட்டு உறவை முறித்துக்கொண்டார். ஒரு வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்து ஒரே சொல்லில் முடித்துவிடுவது எப்படிப்பட்டது என்பதை எலியட் தீர்ப்புக்கு உள்ளானவராக நின்று கற்றார். அவர் புனைகதை எழுதத் தொடங்கியதும் அதே ஆண்டுகளில்தான்.

இங்கே உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. எலியட்டின் துணிவுக்குப் பின்னால் பல மொழிப் புலமையும், சொந்தச் சம்பாத்தியமும், லூயிஸ் போன்ற துணையும், அவர்களை ஏற்ற ஒரு சிறு அறிவாளர் வட்டமும் இருந்தன. ‘ரோமோலா’ நாவல் ஒன்றுக்கே அவர் பெற்ற தொகை 7,000 பவுண்டு. டோரதியாவின் கதை நடப்பதோ 1829 முதல் 1832 வரை, ஒரு சிற்றூரில். அவளிடம் ஓரளவு பணமும் பெரும் தாகமும் உண்டு, கற்க இடமில்லை. பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி ஐந்து மாணவிகளுடன் தொடங்கியது 1869இல். அதற்கு எலியட் 50 பவுண்டு நன்கொடை அளித்தார், ‘மிடில்மார்ச்’ எழுதத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். உங்கள் ஏமாற்றம் நாவலின் இறுதிப் பகுதியிலேயே பதிவாகியிருக்கிறது: இத்தகைய அரிய பெண் இன்னொருவரின் வாழ்வில் கரைந்துபோனது பரிதாபம் என்று பலர் எண்ணினர், ஆனால் அவளால் இயன்ற எதை அவள் செய்திருக்க வேண்டும் என்று எவரும் திட்டமாகச் சொல்லவில்லை என்கிறார் எலியட். டோரதியாவுக்குத் தம்முடைய வாழ்க்கையைக் கொடுத்திருந்தால், டோரதியாக்களுக்கு நேர்ந்தது என்ன என்ற கேள்வியிலிருந்து அவர் நழுவியிருப்பார்.

மேகி கதையில் இது இன்னும் கூர்மையாக வருகிறது. தன் உறவுப் பெண் லூசியை மணக்கவிருந்த ஸ்டீபனுடன் படகில் சென்றவள், மணக்க மறுத்துத் தனியாக ஊர் திரும்புகிறாள். அண்ணன் டாம் வாசலிலேயே விரட்டுகிறான். ஊர் அவளைத் தூற்றுகிறது. ஏழாம் பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில், அவள் ஸ்டீபனின் மனைவியாக, புதுப் பட்டாடைகளோடு திரும்பியிருந்தால் இதே ஊர் எப்படிக் கனிந்து பேசியிருக்கும் என்று எலியட் விரிவாக எழுதிக்காட்டுகிறார். அது 1860இல் வெளிவந்தது. லூயிஸ் 1878இல் இறந்தார். 1880 மே மாதம் எலியட் ஜான் கிராஸ் என்பவரைத் தேவாலயத்தில் முறைப்படி மணந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வரியும் எழுதாத ஐசக் உடனே வாழ்த்துக் கடிதம் அனுப்பினார். எலியட் அன்போடு பதில் எழுதினார். அந்த டிசம்பரில் அவர் இறந்தபோது பெரும் எழுத்தாளர்கள் பலர் அடக்கமான வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் இடம் கிடைக்கவில்லை; ஹைகேட் கல்லறையில் லூயிஸின் அருகே புதைக்கப்பட்டார். அபேயில் நினைவுக் கல் வைக்க 1980 வரை ஆயிற்று.

மேகியின் முடிவைப் பொறுத்தவரை நானும் உங்கள் பக்கம்தான். அந்த வெள்ளம் அவசரமாக வருகிறது. அண்ணனும் தங்கையும் கட்டித் தழுவியபடி மூழ்குவது, அதுவரை நாவல் பொறுமையாகக் கட்டியெழுப்பிய சிக்கலை அவிழ்க்காமல் அறுத்துவிடுகிறது. பிள்ளைப்பருவப் பகுதிகளின்மேல் கொண்ட ஆசையால் முதல் இரண்டு தொகுதிகளை விரித்துவிட்டு, மூன்றாவதற்கு உரிய நிறைவைத் தராமல் போனதற்கு எப்போதும் வருந்துவேன் என்று எலியட்டே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்