பள்ளிக்குப் போக மறுக்கும் மகன்: கலைவழிக் கல்வி கைகொடுக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஏழாம் வகுப்பு வரை சுமாராகப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு வருடமாகப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, தலைவலி என்கிறான். இரண்டு மாதமாகப் போகவே இல்லை. அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். ஆனால் இரவெல்லாம் உட்கார்ந்து வரைகிறான். ஓவியம், நாடகம், இசை வழியாகப் பாடம் நடத்தும் மாற்றுக் கல்வி மையம் ஒன்றைப் பற்றித் தோழி சொன்னாள். சேர்க்கலாமா? படிப்பு அடியோடு கெட்டுவிடுமா? அது நல்ல இடம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சேர்க்கலாம். ஆனால் ‘நன்றாக வரைகிறானே’ என்பதை மட்டும் காரணமாக வைத்துச் சேர்க்காதீர்கள். இத்தனை வருடமாக இந்த வயதுப் பிள்ளைகளோடு கலைப் பட்டறையில் இருக்கிறேன். கோடு நேராக வராத பிள்ளையும் ஓவியத்தால் தேறி வந்திருக்கிறது, சுருதி சேராத பிள்ளையும் இசையால் தேறி வந்திருக்கிறது. திறமை இங்கே பெரிய விஷயமே இல்லை. அமெரிக்காவில் டிரெக்செல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமல் குழு 2016-இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. 39 பெரியவர்களை 45 நிமிடம் களிமண், வண்ணம், காகிதம் என எதையாவது வைத்துத் தோன்றியதைச் செய்யச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பின் கலைப்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. பெரியவர்களிடம் நடந்த சிறு ஆய்வு என்பதால் இதை அப்படியே உங்கள் மகனுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் நான் பட்டறையில் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. “உங்கள் பையனைப் பெரிய ஓவியனாக்கிக் காட்டுகிறோம்” என்று ஒரு மையம் சொன்னால், அது அவனுக்கான இடம் இல்லை.

மையத்தைத் தேடும் முன், அவன் ஏன் போக மறுக்கிறான் என்பதைப் பாருங்கள். பள்ளி மறுப்பைப் பற்றி கிறிஸ்டோபர் கியர்னி, வெண்டி சில்வர்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1990-இல் எழுதியது இன்றும் உதவுகிறது. பிள்ளை எதிலிருந்து விலகுகிறது, எதை நோக்கிப் போகிறது என்று நான்கு வகையாகப் பார்க்கச் சொன்னார்கள். பள்ளியில் ஏதோ ஒன்று உண்டாக்கும் பதற்றத்திலிருந்து விலகுவது ஒன்று. நாலு பேர் முன்னால் பேசுவது, தேர்வு, கேலி இவற்றிலிருந்து தப்பிப்பது இன்னொன்று. வீட்டில் இருப்பவர்களின் கவனிப்புக்காக ஏங்குவது மூன்றாவது. பள்ளிக்கு வெளியே கிடைக்கும் விருப்பமான ஒன்று இழுப்பது நான்காவது. ஒரே பிள்ளையிடம் இரண்டு மூன்று கலந்தும் இருக்கும். காலையில் வரும் அந்த வயிற்றுவலியை நடிப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். பதற்றம் உண்மையாகவே குடலைப் பிசையும். வேறு நோய் இல்லை என்று மருத்துவரிடம் ஒருமுறை உறுதி செய்துகொண்டால் உங்களுக்கும் நிம்மதி.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது: ஏழாம் வகுப்பு வரை சுமாராகப் படித்தான் என்பது. வாசிப்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளில் பலர் சிறு வகுப்புகளில் மனப்பாடத்தாலும் கேள்வி ஞானத்தாலும் சமாளித்துவிடுவார்கள். மேல் வகுப்பில் பக்கங்கள் கூடும்போது அது தாங்காது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்ற பரிசோதனையை, கண், காது பரிசோதனையோடு சேர்த்துச் செய்துவிடுங்கள். அப்படி ஏதாவது இருந்தால், அது தெரியாமல் எந்த மையத்தில் சேர்த்தாலும் மூன்றாவது மாதம் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாவைப் பற்றிப் பேசுகிறான், உடம்பில் கீறிக்கொள்கிறான், சாப்பாட்டை ஒதுக்குகிறான் என்றால் மையம் எல்லாம் பிறகு. உடனே, இன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். கலைவழிக் கல்வி வேறு, கலைவழி சிகிச்சை வேறு. ‘கலைவழி சிகிச்சை’ (ஆர்ட் தெரபி) என்ற சொல்லை 1942-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தபோது வரைவது தன்னைத் தேற்றுவதைக் கண்டவர் அவர். இன்று அது தனிப் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. ஓவிய ஆசிரியர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இனி, கலை என்னதான் செய்கிறது என்ற கேள்விக்கு வருவோம்.

எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு பதினைந்து வயதுப் பையனைச் சொல்கிறேன். காகிதக்கூழில் பொம்மலாட்டப் பொம்மைக்குத் தலை செய்துகொண்டிருந்தான். ஒரு அடுக்கு காய்வதற்குள் அடுத்ததைப் பூச, கன்னம் ஒரு பக்கம் அப்படியே உள்ளே போய்விட்டது. தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். யாரும் கூப்பிடவில்லை. என்னோடு வேலை செய்பவர் அந்தத் தலையை எடுத்து, ஒட்டியிருந்த தூசியைத் தட்டி, ஜன்னல் ஓரத்து அலமாரியில் காயவைத்தார். அடுத்த வாரம் வந்தவன் அதைப் பார்த்தான். கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பல்லு போன தாத்தா மாதிரி இருக்கு” என்றான். அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான். அந்தத் தலை தாத்தாவாகவே ஆனது. அதற்கேற்ற குரலையும் அவனே பிடித்தான். பிறகு அந்தத் தாத்தா பேசுவதற்காக நான்கு பக்கம் வசனம் எழுதினான். வகுப்பில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் கை நடுங்கும் பையன் அவன்.

வகுப்பறையில் தவறான விடைக்குச் சிவப்புக் கோடு விழும், வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். தவறு அந்தப் பிள்ளையின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் தவறு மேசை மேல் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கலாம், காயவைக்கலாம், வேறொன்றாக மாற்றலாம். நொந்துபோன பிள்ளைக்கு முதலில் திரும்ப வேண்டியது இந்த நம்பிக்கைதான். அதன் பிறகு ஒன்றை முடிப்பது, முடித்ததை யாரோ ஒருவரிடம் காட்டுவது என்று வரிசையாக வரும். ஹார்வர்டின் ‘புராஜெக்ட் ஜீரோ’ ஆய்வாளர்கள் ஓவிய வகுப்புகளை உட்கார்ந்து கவனித்து 2007-இல் எட்டு மனப்பழக்கங்களைப் பட்டியலிட்டார்கள். தொடங்கியதை விடாமல் பிடித்திருப்பதும், தெரியாததைத் துணிந்து செய்து தவறிலிருந்து கற்பதும் அவற்றில் உண்டு. மிச்சத்தையெல்லாம் விட இந்த இரண்டும்தான் உங்கள் மகனுக்கு இப்போது தேவை.

நாடகத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கேலிக்கோ மிரட்டலுக்கோ ஆளான பிள்ளை என்றால் நாடகப் பயிற்சி உள்ள இடத்தைத் தேடுங்கள். பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் உருவாக்கிய ‘மன்ற அரங்கு’ முறையில் ஒருவர் ஒடுக்கப்படும் காட்சியை முதலில் நடித்துக் காட்டுவார்கள். பிறகு அதே காட்சி மீண்டும் ஓடும். பார்ப்பவர் யாரும் “நிறுத்து” என்று சொல்லி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு விதமாக நடந்து பார்க்கலாம். அன்றைக்கு வாயடைத்து நின்ற பிள்ளை இங்கே ஐந்து விதமாகப் பதில் சொல்லிப் பார்க்க முடியும். ஆனால் தன் சொந்தக் கதையையே நடித்துக் காட்டும்படி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தக் கூடாது. அதை மையத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பு கெட்டுவிடுமா என்று கேட்கிறீர்கள். இரண்டு மாதமாக அவன் பள்ளியில் இல்லை. நீங்கள் இப்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது பள்ளியையும் மையத்தையும் அல்ல, மூடிய அறையையும் மையத்தையும். அந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே நேரம், “இசை கற்றால் கணக்கு வரும், வரைந்தால் மதிப்பெண் கூடும்” என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். கலைக்கல்வி ஆய்வாளர்களான எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் இருவரும் 2000-ஆம் ஆண்டில் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். ஓவியம் கற்பதால் மதிப்பெண் கூடுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. கதையை நடித்துப் பார்ப்பது மொழித்திறனை வளர்க்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருந்தது. 2013-இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் கேட்டரால் குழுவின் 2012 அறிக்கை வேறொரு பக்கத்தைக் காட்டியது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளில், கலையில் அதிகம் ஈடுபட்டவர்கள் படிப்பிலும் மேலே போயிருந்தார்கள். கலைதான் அதற்குக் காரணம் என்று அந்தக் கணக்கை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அக்கறையுள்ள ஓர் ஆசிரியரோ பெற்றோரோ இரண்டுக்கும் பின்னால் இருந்திருக்கலாம்.

ஆகவே பாடம் தனியாக நடக்க வேண்டும். மையத்தில் கணக்கும் மொழியும் யார் சொல்லித் தருகிறார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம், அங்கே படித்தவர்கள் எந்தத் தேர்வை எழுதினார்கள் என்று விசாரியுங்கள். மேடை அமைப்பதற்கு அளவு எடுக்கும்போது விகிதம் தானாகவே வரும், அது நல்லது. வரைகிற ஒவ்வொரு படத்தையும் கணக்குப் பாடமாக்கினால் பிள்ளை அதிலிருந்தும் ஓடிவிடும். மையமே சான்றிதழ் தருகிறது என்றால், அது செல்லுமா என்று மையத்தாரைக் கேட்காதீர்கள். அவன் அடுத்து சேர வேண்டிய இடத்தில் போய்க் கேளுங்கள். முடிந்தவரை பழைய பள்ளியில் பெயரை நீக்காமல் வையுங்கள். வாரத்தில் சில நாள் மையம், சில நாள் பள்ளி என்ற ஏற்பாட்டுக்குத் தலைமையாசிரியர் சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பிப் போகும் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே சில பிள்ளைகளுக்கு மூச்சு சீராகிவிடுகிறது.

நல்ல இடமா என்று பார்க்க, கண்காட்சி நாளில் போகாதீர்கள். சாதாரண ஒரு நாள், வேலை நடக்கிற நேரத்தில் போங்கள். அலமாரியில் அரைகுறை வேலைகள் இருக்கின்றனவா பாருங்கள். எல்லாமே பளிச்சென்று முடிந்திருந்தால் பெரியவர் கை பட்டிருக்கிறது. சுவரில் பத்துப் பட்டாம்பூச்சியும் ஒரே மாதிரி இருந்தால் அங்கே கலை நடக்கவில்லை. ஒரு குழுவில் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் இந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்குக் கஷ்டம். வாராவாரம் அதே ஆள் இருக்கிறாரா என்பது ரொம்ப முக்கியம். பிள்ளைகளைப் படம் எடுத்து வெளியிட அனுமதி கேட்கிறார்களா, மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்க விடுகிறார்களா, வேலைக்கு எடுக்கும்போது ஆளைப் பற்றி விசாரிக்கிறார்களா என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எரிச்சல்பட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

பொறுமைக்கும் தயாராக இருங்கள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி எங்களிடம் வந்து ஆறு வாரம் எதையும் வரையவில்லை. எல்லாருடைய தூரிகைகளையும் கழுவினாள். மீந்த வண்ணங்களைக் கலந்து சாம்பல் நிறம் செய்துகொண்டே இருந்தாள். அவள் அம்மா தினமும் வாசலில் நின்று “இன்னைக்காவது ஏதாவது செஞ்சாளா?” என்று கேட்பார். ஏழாவது வாரம் அந்தப் பெண் ஓர் அட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். நாற்பது கட்டம், நாற்பது விதமான சாம்பல், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயர். ‘மழைக்கு முந்தின வானம்’, ‘அணைத்த டிவி’, ‘யாரும் உட்காராத பெஞ்ச்’. அந்த வருடம் அவள் தானாக எழுதிய முதல் எழுத்து அதுதான். மொழி ஆசிரியர் அந்தப் பெயர்களிலிருந்தே அவளோடு பாடத்தைத் தொடங்கினார்.

உங்கள் மகனையும் திங்கட்கிழமை காலை புதுப் பள்ளியில் சேர்ப்பது போலக் கொண்டுபோய் விடாதீர்கள். முதல் தடவை ஒரு மணி நேரம், ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். இரவெல்லாம் விழித்திருப்பவனால் காலை ஒன்பது மணி வகுப்புக்குப் போக முடியாது. மதிய வகுப்பில் தொடங்கி, தூக்க நேரத்தை வாரம் அரை மணி அரை மணியாக முன்னால் கொண்டுவாருங்கள். முதல் மாதம் எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை என்று அவனிடமும் மையத்தாரிடமும் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் அவன் வரைந்ததைப் பார்க்க நேர்ந்தால் “சூப்பர்” என்றோ “இது என்ன?” என்றோ கேட்க வேண்டாம். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: “இந்தக் கதவுக்கு மட்டும் நிழல் போட்டிருக்கியே.” அவ்வளவு போதும். போட்டிக்கு அனுப்பாதீர்கள். அவனைக் கேட்காமல் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போடாதீர்கள். பட்டறையில் காட்டவே மாட்டேன் என்று மூடிவைக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். “படிக்கலைன்னா வரையக் கூடாது” என்று நோட்டைப் பிடுங்கிவைப்பதும் வேண்டாம். இந்த இரண்டு மாதத்தில் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

இந்த வாரம் நீங்கள் மட்டும் அந்த மையத்துக்குப் போய் வாருங்கள். அவனை அழைக்க வேண்டாம். “ஒரு பிள்ளை தான் செய்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். கண்டிப்போம் என்றாலும், சமாதானம் சொல்லி உடனே புதுத்தாள் கொடுப்போம் என்றாலும் வேறு இடம் பாருங்கள். அப்படி நடந்த ஒரு நாளை, ஒரு பிள்ளையை நினைத்துப் பார்த்து அவர்கள் விவரமாகச் சொல்லத் தொடங்கினால், கடைசிவரை கேட்டுவிட்டு, மதிய வகுப்பு எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள்.