கோயில் கடையை வாடகைக்கு வைத்திருப்பவர் அதே கோயிலுக்கு அறங்காவலர் ஆகலாமா?

வேலூர் பக்கம் உங்கள் ஊர்க் கோயிலில் கடை எடுத்திருக்கும் கட்சிக்காரரையே அறங்காவலராகப் போட்டிருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, கோயில் சொத்தின் குத்தகையிலோ ஒப்பந்தத்திலோ ஆதாயம் உள்ளவருக்கும் கோயிலுக்குப் பாக்கி வைத்திருப்பவருக்கும் அந்தப் பதவி கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், கடை பெரும்பாலும் மச்சான் பெயரில் இருக்கும். வாடகை பேசும் கூட்டத்தில் இவர் உட்கார்ந்திருப்பார், உறவைப் பற்றி வாயே திறக்க மாட்டார். மற்ற கடைக்காரர்கள் ஒழுங்காகக் கட்ட, அந்த ஒரு கடைக்கு மட்டும் பாக்கி ஏறும். சாமி பணம் அது, விடவே கூடாது.

தகவல் உரிமை மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கடைவாரியாக வாடகைதாரர் பெயர், நிலுவை, தீர்மான நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதை இணைத்து, அறநிலையத்துறையின் வேலூர் இணை ஆணையரிடம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.