மந்திரத்தை விட வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாகக் காலையில் இருபது நிமிடம் தியானத்தில் உட்கார்கிறேன். மூச்சோடு சேர்த்து ‘ஓம் மணி பத்மே ஹூம்’ சொல்வேன். அண்மையில் ஒரு விபஸ்ஸனா தியான முகாமில், மந்திரத்தை விட்டுவிட்டு மூச்சை மட்டும் பாருங்கள் என்றார்கள். விட்டதும் மனம் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. ‘இந்தக் கணத்தில் இரு’ என்பதும் பிடிபடவில்லை. நாளைய வேலையை யோசிக்காமல் எப்படி வாழ்வது? நான் செய்வது தவறா?

ர.

அன்புள்ள ர.,

தவறில்லை. முகாமில் சொன்னதும் தவறில்லை. இரண்டும் வேறு வேறு பயிற்சிகள், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் ஆறெழுத்து அவலோகிதேசுவரருக்கு உரியது. திபெத்திய மரபில் கருணையே வடிவான அந்தப் போதிசத்துவரை மனத்தில் வைத்துத்தான் அதைச் சொல்வார்கள். அங்கே மந்திரம் மூச்சுக்கு எடுபிடி அல்ல, அதுவே தியானம். விபஸ்ஸனாவில் நோக்கம் வேறு. உடலிலும் மனத்திலும் நடப்பதை நடக்கிறபடியே பார்க்க வேண்டும். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் சீக்கிரம் அமைதி வரும். ஆனால் உள்ளே கிடக்கும் எரிச்சலும் பயமும் அந்த ஒலிக்கு அடியில் பதுங்கிவிடும் என்பது அவர்கள் கவலை.

அதற்காக, விபஸ்ஸனா வந்த தேரவாத பௌத்த மரபில் சொல்லுக்கே இடமில்லை என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்து வனத் துறவிகள் பலர் மூச்சை இழுக்கும்போது ‘புத்’, விடும்போது ‘தோ’ என்று சொல்லிப் பழகுகிறார்கள். 5ஆம் நூற்றாண்டில் ‘விசுத்திமக்கம்’ என்ற தேரவாதப் பயிற்சி நூலை எழுதிய புத்தகோசர், மூச்சை எண்ணச் சொல்கிறார். ஒரு சுற்றில் எண்ணிக்கை 5-க்குக் குறையவும் கூடாது, 10-ஐத் தாண்டவும் கூடாது. குறைந்தால், சின்னப் பட்டியில் அடைத்த மாடுகள் போல மனம் முட்டி மோதும். தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நாள் எண்ணுவது? எண்ணாமலே கவனம் மூச்சில் நிற்கும்வரை. உங்கள் மந்திரத்துக்கும் இதையே அளவுகோலாக வைக்கலாம் என்பது என் எண்ணம். மூச்சில் கவனம் நிற்பதற்காகச் சொல்கிறீர்கள் என்றால், நிற்க ஆரம்பித்ததும் அது தானாகவே உதிரட்டும். பக்தியோடு சொல்கிறீர்கள் என்றால் விடவே வேண்டாம். அதற்கென்று வேறொரு நேரம் ஒதுக்குங்கள்.

அப்புறம், இந்தக் கணம். ‘விழிப்புணர்வு’ என்று நாம் சொல்வதற்கு, தேரவாத நூல்களின் மொழியான பாலியில் ‘ஸதி’ என்று பெயர். (கிரந்த எழுத்தை விட்டால் ‘சதி’ ஆகிவிடும், வேறு வழியில்லை.) சமஸ்கிருத ‘ஸ்மிருதி’யேதான் அது. நினைவு என்று பொருள். எதில் இருக்க உட்கார்ந்தோம் என்பதை மறக்காமல் இருப்பது. மறந்தால், மறந்தோம் என்பது நினைவுக்கு வருவது. இந்த ஸதியைப் பற்றிய சதிபட்டான சுத்தத்தில் (சுத்தம் என்றால் பாலியில் புத்தரின் உரை) மனத்தைப் பற்றிய பகுதியை வாசித்துப் பாருங்கள். சிதறிய மனத்தை ‘சிதறிய மனம்’ என்று பிக்கு அறிகிறான் என்கிறது. சிதறக் கூடாது என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. இரண்டு நிமிடத்தில் மனம் ஓடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பயிற்சி நடந்ததே அந்த இடத்தில்தான். முன்பும் ஓடியிருக்கும், மந்திரச் சத்தத்தில் தெரிந்திருக்காது.

நாளைய வேலையை யோசிப்பதை யாரும் தடுக்கவில்லை. கடந்ததைத் துரத்தாதே, வராததற்கு ஏங்காதே என்று சொல்லும் பத்தேகரத்த சுத்தம், துரத்துவது என்றால் என்ன என்பதையும் விளக்குகிறது. ‘முன்பு நான் இப்படி இருந்தேன்’ என்று நினைத்து அதில் திளைப்பதுதான் துரத்துவது. ஏங்குவதும் இப்படித்தான். செய்ய வேண்டியதை இன்றே செய், நாளைக்குச் சாவு வருமோ யாருக்குத் தெரியும் என்ற வரியும் அதே சுத்தத்தில்தான் இருக்கிறது. பட்டியல் போடும்போது பட்டியல் போடுகிறேன் என்று தெரிந்தால் சரி. போட்டு முடித்த பிறகும் அதையே மென்றுகொண்டிருப்பது வேறு. உட்காருவதற்கு முன் நாளைய வேலையை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். எனக்கு அது உதவியிருக்கிறது. சில நாட்கள் உதவாமலும் போயிருக்கிறது.