எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏன் வேண்டாம் என்றார்கள்?

கேள்வி: ஆய்வகத்தில் என் விந்தணு எண்ணிக்கை இயல்பு என்று வந்தது. தானம் செய்யப் போன விந்தணு வங்கியோ மறுத்துவிட்டது. யார் சொல்வது சரி?

இரண்டுமே சரி. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி, மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்களும், அவற்றில் 42 சதவீதம் அசைவும் கீழ் எல்லை. இயற்கையாகக் கருத்தரிக்க வைத்த ஆண்களை வைத்து வகுத்த எல்லை அது. வங்கிக்கு வேறு கணக்கு. அந்த எல்லையில் நிற்பவரின் மாதிரியில் மில்லிக்கு அசையும் அணுக்கள் சுமார் 67 லட்சம். கிளிசரால் கலந்த உறைகாப்புத் திரவத்தைச் சரிபாதி சேர்த்து, அரை மில்லி குப்பியில் நிரப்பினால் மிஞ்சுவது 17 லட்சம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்து மீண்டு வருவதற்குள் ஏறக்குறைய பாதி செத்துவிடும். கையில் நிற்பது 8 லட்சம்! வங்கிகள் ஒரு குப்பியில் எதிர்பார்ப்பதோ 50 லட்சம் முதல் 1 கோடி வரை.

எண்ணிக்கை அதிகமுள்ள சிலருக்கும் அணுக்கள் உறைதலைத் தாங்குவதில்லை. அதை முன்கூட்டிக் கணிக்க வழியில்லை, உறைய வைத்து உருக்கித்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை கொடுத்த மாதிரியை மட்டும் நம்பி முடிவெடுக்கும் வங்கி அவசரப்படுகிறது என்பேன். அண்மையில் கடுங்காய்ச்சல் வந்ததா? அதுவும் எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் பிடிக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி கொடுத்துப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் 2 முதல் 5 நாள் இடைவெளி போதும். முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம், அவை சிந்திவிட்டால் அப்படியே சொல்லிவிடுங்கள். வழவழப்புக் களிம்பு, எச்சில் இரண்டும் வேண்டாம்.

கேள்வி: எச்ஐவி சோதனை முடிவு சில மணி நேரத்தில் கிடைக்கிறதே, குப்பியை ஆறு மாதம் ஏன் பூட்டி வைக்கிறார்கள்?

தொற்றிய முதல் சில நாட்களில் எந்தச் சோதனையிலும் அது தெரியாது. அதனால் 180 நாள் கழித்துக் கொடையாளரை மறுபடி வரவழைத்து எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு ரத்தம் எடுப்பார்கள். கிருமியின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனை வந்தபின் இந்தக் காத்திருப்பைக் குறைத்த இடங்களும் உண்டு. கொடையாளர் திரும்பி வராவிட்டால் குப்பிகள் வீண்.

கேள்வி: வங்கிக்குக் கொடையாளர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். என்ன செய்வது?

விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேர் கடைசிவரை தேறினாலே பெரிது. பணத்தை முன்னால் காட்டி அழைத்தால், குடும்ப நோய்களை மறைப்பவர்கள்தான் முதலில் வருவார்கள். வாரம் எத்தனை முறை வர வேண்டும், எத்தனை மாதம், பிறக்கும் பிள்ளை ஒருநாள் தேடி வரக்கூடும் என்பதையெல்லாம் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். விலகுகிறவர் அங்கேயே விலகட்டும், சோதனைச் செலவு மிஞ்சும்.

கேள்வி: மரபணுச் சோதனையில் தேறியவரின் பிள்ளைக்கு நோய் வராதுதானே?

அப்படி யாரும் உறுதி தர முடியாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் போன்றவற்றின் மரபணுவை, தனக்கு நோய் இல்லாமல் சுமப்பவர் என்பதற்காகவே எல்லா வங்கிகளும் ஒருவரை ஒதுக்குவதில்லை. பெண்ணும் அதையே சுமந்தால்தான் பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு, எனவே இருவரையும் பொருத்திப் பார்ப்பார்கள். ரத்தத்தில் இல்லாமல் விந்தணுக்களில் ஒரு பகுதியில் மட்டும் ஒளிந்திருக்கும் மாற்றம்தான் சிக்கல். புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும், டிபி53 என்ற மரபணுவில் உள்ள மாற்றம், ஆரோக்கியமான ஒரு கொடையாளர் வழியாக ஐரோப்பாவில் பல நாடுகளில் பிள்ளைகளுக்குப் போனது 2025-இல் வெளிவந்தது. வழக்கமான சோதனை அதைப் பிடிக்காது. ஒரு கொடையாளரால் எத்தனை குடும்பங்கள் பயனடையலாம் என்று வரம்பு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வரம்பு எவ்வளவு, எல்லா நாடுகளையும் சேர்த்தா என்று வங்கியிடம் கேளுங்கள்.