உரிமையாளர் கைவிட்ட தனியார் அணையை அரசு கட்டாயப்படுத்திப் பழுது பார்க்க வைக்க முடியுமா?

கேள்வி: ஒரு தனியார் அணை பல வருடமாகப் பராமரிப்பு இல்லாமல் கிடக்கிறது. உரிமையாளர் பணமில்லை என்று கையை விரிக்கிறார். அரசு அவரை வற்புறுத்த முடியுமா? நம் ஊரில் இதற்கெல்லாம் சட்டம் உண்டா?

முடியும். உத்தரவு போடுவதற்கு அநேகமாக எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் உத்தரவைத் தாங்கிக்கொண்டு கரை நிற்காது. உரிமையாளர் செய்யாவிட்டால் அரசே இறங்கி வேலையை முடித்துவிட்டு, செலவை அவரிடம் வசூலிக்க வழி இருக்கிறதா, அப்படி இறங்குவதற்கு ஓர் அதிகாரிக்குக் கையில் பணமும் மனதில் துணிச்சலும் இருக்கிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும். இது இல்லாத இடத்தில் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மழைக்காலத்தில் அணையும் போய்விடும்.

நான் கடலூர்க்காரன். நீர்வளத்துறை தனித்துறை ஆவதற்கு முன்பு, பொதுப்பணித்துறையின் பாசனப் பிரிவில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் இல்லை. சட்டத்தை ஒரு பொறியாளர் பார்க்கிற கண்ணோடுதான் சொல்வேன்.

இந்த விஷயத்தில் படிக்க வேண்டிய கதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஈடன்வில் அணை. அந்த நாட்டில் பதிவேட்டில் இருக்கும் சுமார் 90,000 அணைகளில் பாதிக்கு மேல் தனியாருடையவை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈடன்வில் 1924இல் மின்சாரத்துக்காகக் கட்டிய மண் அணை. 2004இல் உரிமம் ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதிகபட்சமாக வரக்கூடிய பெருவெள்ளத்தில் பாதியைத்தான் இதன் உபரிநீர்ப் போக்கிகள் வெளியேற்றும், கூடுதலாகப் போக்கி கட்டு என்று மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தது. நிறுவனம் பணமில்லை என்று இழுத்தடித்தது. 2018 செப்டம்பரில் ஆணையம் பொறுமையிழந்து உரிமத்தை ரத்து செய்துவிட்டது.

கேட்பதற்குச் சரியான நடவடிக்கை போலத்தான் இருக்கிறது. ஆனால் உரிமம் போனதும் மின்சாரம் விற்ற வருமானம் நின்றது. உரிமம் இருக்கும் வரைதான் ஆணையத்துக்கு அதிகாரம் என்பதால் அதன் பிடியும் விட்டுப்போனது. அணை மட்டும் ஏரி நிறையத் தண்ணீரோடு அங்கேயே இருந்தது. மேற்பார்வை மாநில அரசுக்கு மாறியது. அங்கே அணைப் பாதுகாப்புக்கு இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். மாநில விதியும் மத்திய விதியைவிடத் தளர்வானது. மிகக் கடுமையான தண்டனை என்று நினைத்து எடுத்த முடிவு, அணையை இருந்ததைவிட அநாதையாக ஆக்கிவிட்டது என்பது என் கருத்து.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. 2018, 2019 குளிர்காலங்களுக்கு முன்னால் நிறுவனம் ஏரி மட்டத்தை இறக்கியது. அனுமதி இல்லாமல் இறக்கியதால் நன்னீர் மட்டிகள் ஏராளமாகச் செத்தன என்று மாநில அரசு 2020 ஏப்ரல் கடைசியில் வழக்குப் போட்டது. மூன்று வாரம் கூட ஆகவில்லை, மே 19 மாலை அணையின் கிழக்குக் கரை சரிந்தது. கீழே இருந்த சான்ஃபோர்டு அணையும் சேர்ந்து போனது. சுமார் 10,000 பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்ததால் உயிர் போகவில்லை. மட்டி வழக்கை நான் கேலி செய்யவில்லை, உயிரினம் முக்கியம்தான். ஆனால் ஒரே அணையை ஓர் அலுவலகம் பாதுகாப்புக் கண்ணோடும் இன்னொரு அலுவலகம் சுற்றுச்சூழல் கண்ணோடும் பார்க்கும்போது, தண்ணீரை இறக்குவதா ஏற்றுவதா என்று கடைசி வார்த்தை சொல்ல ஒருவர் வேண்டும். அங்கே அந்த ஒருவர் இல்லை.

2022இல் வந்த நிபுணர் குழு அறிக்கை என்னைப் போன்றவர்களுக்கு அதைவிட முக்கியமானது. தண்ணீர் கரை மேல் ஏறி வழிந்து உடைந்த அணை அல்ல அது. ஏரி அதுவரை காணாத மட்டத்துக்கு ஏறியபோது, கரைக்குள் இருந்த தளர்வான மணல் ஈரத்தில் ஊறித் திடீரென வலுவிழந்து, ஒரு பகுதி அப்படியே கூழாகச் சரிந்து ஓடிவிட்டது. இத்தனை வருடம் கடிதப் போர் நடந்தது போக்கியின் கொள்ளளவு பற்றி. உடைத்தது கரையின் மண். போக்கி பெரிதாக இருந்திருந்தால் ஏரி அந்த மட்டத்துக்கே ஏறியிருக்காது என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு அதையே எழுதிக்கொண்டிருந்தால் மற்றக் குறைகள் கோப்புக்குள்ளேயே வராமல் போய்விடும். இது நம் அலுவலகங்களிலும் நடக்கிறதுதான்.

பணம்? அணை உடைந்த அதே வருடம் நிறுவனம் திவால் மனு போட்டது. 2023இல் நீதிமன்றம் உரிமையாளர் மீது சுமார் 12 கோடி டாலர் தீர்ப்பு கொடுத்தது. திவாலான கையிலிருந்து அதை யார் வாங்குவது? அணைகளை உள்ளூர் மாவட்ட நிர்வாகங்கள் சட்டப்படி கையகப்படுத்திக்கொண்டன. சீரமைப்புச் செலவில் ஒரு பங்கு ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் தலையில் சிறப்பு வரியாக வந்து உட்கார்ந்தது.

இங்கிலாந்தில் முறை வேறு. 1925இல் வேல்ஸ் பகுதியில் டால்காரக் என்ற ஊருக்கு மேலே அலுமினிய ஆலைக்குச் சொந்தமான அணை உடைந்து 16 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு 1930இல் சட்டம் வந்து, 1975இல் அது விரிவானது. 25,000 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் தேங்கினால் பதிவு கட்டாயம். உடைந்தால் உயிருக்கு ஆபத்து என்று வகைப்படுத்தியவற்றைப் பத்து வருடத்துக்கு ஒரு முறையாவது உரிமையாளருக்குச் சம்பந்தமில்லாத பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். அவர் 'பாதுகாப்புக்கு அவசியம்' என்று எழுதிய வேலையை உரிமையாளர் செய்யாவிட்டால், அமலாக்க அமைப்பே செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம். அவசர நிலைமை என்றால் நோட்டீஸுக்குக் கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. நான் முதலில் சொன்னது இந்த அதிகாரத்தைத்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். தனியார் அணை நமக்குப் புதிதல்ல. ஜமீன்தார்கள் காலத்தில் பெரிய ஏரிகளே தனியார் கையில்தான் இருந்தன. அன்றைய வட ஆற்காட்டில் கார்வேட்டிநகர் ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனதும், ரயில்வே கம்பெனி நஷ்டஈடு கேட்டு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1874இல் தீர்ப்பு. இங்கிலாந்தில் அதற்குச் சில வருடம் முன்புதான், தன் நிலத்தில் தண்ணீர் தேக்கியவர் அது தப்பிப் போய்ச் சேதம் செய்தால், அவர் மேல் அஜாக்கிரதை இல்லாவிட்டாலும் பொறுப்பு என்று தீர்த்திருந்தார்கள். அதே விதியை இங்கே பொருத்த முடியாது, ஏரி இந்த நாட்டு விவசாயத்துக்கு உயிர்நாடி, அதைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, அஜாக்கிரதையை நிரூபித்தால்தான் பொறுப்பு என்று கம்பெனியின் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். 1908ஆம் வருட எஸ்டேட் நிலச் சட்டத்தில் ஏரி பழுதுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. குடிகள் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம், அவர் ஜமீன்தாருக்கு உத்தரவு போடலாம். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து ஏரிகள் அரசுக்குப் போனதும் அந்த அத்தியாயம் எல்லோருக்கும் மறந்துவிட்டது.

இப்போது இருப்பது அணைப் பாதுகாப்புச் சட்டம். 2021 டிசம்பர் 30இலிருந்து அமலில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும் பொருந்தும். மகாராஷ்டிரத்தில் முல்ஷி போன்ற டாடா மின் அணைகள் மாதிரி கம்பெனி அணைகளும் இதற்குள் வரும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு, பராமரிப்புக்குத் தனிநிதி, அவசரகாலத் திட்டம் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு வருடம் வரை சிறை, அதனால் உயிர்ச்சேதமோ உடனடி ஆபத்தோ வந்தால் இரண்டு வருடம் வரை.

ஆனால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் தனியார் கரை என்றால் இந்த உயரத்துக்குக் கிட்டேகூட வராது. முந்திரித் தோப்பிலும் செம்மண் மேட்டிலும் ஓடையை மறித்து, இரண்டு ஆள் உயரத்துக்குப் போட்ட கரைகள்தான் இங்கே. அவை ஆபத்தில்லாதவை என்று நினைக்காதீர்கள். 2015 நவம்பரில் பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் உயிர்களைக் கொண்டுபோனது பெரிய ஆறு இல்லை, ஓடை வெள்ளம்தான்.

அதற்கு அடுத்த வருடம் நான் பார்த்த ஒரு கரையைச் சொல்கிறேன். பட்டா நிலத்துக்காரர் ஒருவர், கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று கலங்கலில், அதாவது ஏரி நிறைந்தால் உபரிநீர் வழிந்து போகும் இடத்தில், சிமெண்ட் சுவர் எழுப்பி மூடிவிட்டார். கீழே ஒரு குடியிருப்பு. கரை முழுக்கச் சீமைக்கருவேலம், எலிவளை. பின்சரிவில் ஊற்று எடுத்திருந்தது. ஊற்று தெளிந்த தண்ணீராக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். இது செம்மண் நிறத்தில் வந்தது, அதாவது உள்ளே மண் கரைந்துகொண்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுக் கொடுத்தார்கள். தாசில்தார் நோட்டீஸ் விட்டார். நிலத்துக்காரர் வக்கீலைக் கூட்டி வந்து 'என் பட்டா, என் கரை' என்றார். ஏரி அரசுடையது இல்லை என்பதால் எங்கள் துறைக்கும் நேரடி அதிகாரம் கிடையாது. மட்டம் எடுத்து அறிக்கை கொடுக்கலாம், அவ்வளவுதான்.

வேலை செய்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. பொதுத் தொல்லையை, ஆபத்தான கட்டுமானத்தை அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போடலாம். ஆட்சேபணை இருந்தால் வந்து சொல், இல்லையென்றால் இந்தத் தேதிக்குள் செய். செய்யாவிட்டால் கோட்டாட்சியரே செய்வித்துச் செலவை வசூலிக்கலாம் என்றும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 152ஆம் பிரிவு. அந்தக் கோட்டாட்சியர் கொஞ்சம் கறாரான அம்மா. கெடு முடிந்த மறுநாள் பொக்லைன் வந்து கலங்கல் சுவரை இடித்தது. தண்ணீர் மெதுவாக இறங்கியது. கரையைப் பலப்படுத்தும் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். செலவுப் பணம் இழுபறிக்குப் பிறகு வசூலானது, தொகையும் பெரிதில்லை.

இதில் வரிசை முக்கியம். பழுது பார்ப்பதற்கு மதிப்பீடு, டெண்டர், பருவம் என்று மாதக்கணக்கில் ஆகும். தண்ணீர் மட்டத்தை இறக்குவதற்குச் சில நாள் போதும். அபாயத்தில் பெரும்பகுதி அதிலேயே குறைந்துவிடும். கெடுபிடி காட்டுவதென்றால் முதலில் அங்கேதான் காட்ட வேண்டும். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 2006இல் கா லோகோ என்ற தனியார் அணை உடைந்து 7 பேர் செத்தபோது விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டதும், உபரிநீர்ப் போக்கியை மண் கொட்டி மூடியிருந்ததுதான்.

உரிமையாளர் அரசே என்றால் என்ன என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தென்பெண்ணையில் தளவானூர் தடுப்பணை சுமார் 25 கோடி ரூபாயில் கட்டி 2020இல் திறந்தது. 2021 ஜனவரியிலேயே ஒரு பக்கம் உடைந்தது, அந்த நவம்பர் வெள்ளத்தில் மறுபடியும் உடைந்தது, கடைசியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே உத்தரவு போடுகிறவரும் உத்தரவு வாங்குகிறவரும் ஒரே துறை. இங்கிலாந்து முறையில் எனக்குப் பிடித்ததே, சான்று தருகிற பொறியாளர் உரிமையாளருக்குக் கீழே வேலை செய்பவராக இருக்கக்கூடாது என்பதுதான். நம் சட்டத்தில் மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. ஆனால் அதில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அதே துறையிலிருந்து மாற்றலில் வருகிறவர்கள், நாளை அங்கேயே திரும்பிப் போகிறவர்கள்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது: மனுவில் 'கரையைச் சரிசெய்ய வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'மழைக்காலம் தொடங்குமுன் நீர்மட்டத்தை இறக்கவும், கலங்கலைத் திறந்துவிடவும், உரிமையாளர் செய்யாவிட்டால் அரசே செய்து செலவை வசூலிக்கவும்' என்று எழுதுங்கள். கோட்டாட்சியருக்கு ஒரு பிரதி, 2005ஆம் வருடப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத் தலைவர் என்ற முறையில் கலெக்டருக்கு ஒரு பிரதி. சர்வே எண், கரையின் உயரம், கீழே எத்தனை வீடு, ஊற்று எந்த நிறம், எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து இணையுங்கள். நீங்களாகக் கரையை வெட்டாதீர்கள், வெட்டிய இடம் உங்கள் கட்டுப்பாட்டில் நிற்காது. ராத்திரியில் ஊற்று பெருத்துச் செந்நிறமாக வந்தால் கீழே இருப்பவர்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்பிவிட்டு 1077க்குப் பேசுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.