இலங்கை மலையகத்தில் 'அரைப்பேர்' என்றால் என்ன?

அட்டன் நண்பர் ஒருவர் "அம்மாவுக்கு நேத்து அரைப்பேர்தான்" என்று வருத்தப்பட்டாராம். பெயரில் எப்படி அரை வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன். அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்களிடம் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், மலையேறி, சொன்ன வேலையை முடித்தால் செக்ரோல் என்ற தோட்டப் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே அந்த நாள் பதிவாகும். அதைத்தான் பேர் போடுவது, பேர் விழுவது என்போம். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று யாராவது கேட்டால் ஆட்களை எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். எத்தனை நாள் வேலை என்றுதான் கேட்கிறார்கள். "இருபத்தொரு பேர்" என்று பதில் வரும். ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வேலை கொடுத்தால் ஒன்றரைப் பேர். தோட்டத்தில் நிரந்தரமாகச் சேர்வது 'பேர் பதிவது'. பேர் பதியாமல், எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு வாங்கினால் அது கைக்காசு.

எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டத்துக்குப் பிறகு எங்கள் தாத்தா பாட்டிமாரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை, செக்ரோலில் இருந்தது. அந்தப் புத்தகத்தில் பேர் விழுவதை எங்கள் ஆட்கள் ஏன் அவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்பது எனக்கு அதிலிருந்துதான் புரிந்தது.

சரி, அரைப்பேர். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டம் நிர்ணயிக்கும். இடத்துக்கு இடம் மாறும். எங்களுக்கு அப்போது 16. அது குறைந்தால், காலையிலிருந்து மாலை வரை மலையில் நின்றிருந்தாலும் பாதிச் சம்பளம்தான். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆனபோது அரைப்பேர் என்றால் 675 ஆக இருந்தது. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் அந்தப் பாதியிலிருந்துதான் கணக்காகும். அதாவது வயதான காலத்துக் காசும் சேர்ந்தே குறைகிறது.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு மழை நாளில் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்த்தேன். தராசு முள் 17இல் நின்றது. சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு இரண்டு என்று வெட்டி 14 எழுதினார்கள். "காலையில இருந்து நிக்கிறேன் ஐயா" என்றார் அம்மா. அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஈரத் தலையோடு அடுப்படிச் சுவர்க் கலண்டரில் அன்றைய தேதியைச் சுற்றி அரை வட்டம் போட்டார். முழுப்பேருக்கு முழு வட்டம். பத்தாம் தேதி சம்பளத் துண்டு வந்ததும் இரண்டையும் ஒப்பிடுவது என் வேலை. ஒருமுறை இரண்டு பேர் குறைந்திருந்தது. அம்மா கலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, சேலைக்குள் மறைத்து மழையில் நனையாமல் ஆபீசுக்குக் கொண்டுபோனார். ஒன்றைத்தான் திருத்திக் கொடுத்தார்கள்.

அரைப்பேர் வாங்குபவர் சோம்பேறி என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. கிழட்டுச் செடியும் புல் மண்டிய மலையும் கிடைத்தவருக்கு என்ன வேகம் இருந்தும் கிலோ வராது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து விளைச்சல் விழுந்தது. செடியில் இல்லாத கொழுந்தை எங்கே போய் எடுப்பது?

அம்மா இப்போது ஓய்வில் இருக்கிறார். நான் கொழும்பில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். போன போயா அன்று போன் பண்ணி, இன்று லீவு, ரூமில்தான் இருக்கிறேன் என்றேன்.

"லீவா?" என்றார். "அப்போ பேர் போடுவாங்களா தம்பி?"