மாடித்தோட்டம் கேள்வி – பதில்: சொகோத்ரா அடீனியம்

கேள்வி: ‘சொகோட்ரானம்’ என்று சொல்லி ஒரு அடீனியம் (பாலைவன ரோஜா) விற்றார்கள். ஒரு அடி உயரம், அடியிலேயே ஏழெட்டுக் கிளை. மூன்று வயதுச் செடியாம், பிப்ரவரியில் பூத்தும்விட்டது. அசல்தானா? – வாசகி, திருவொற்றியூர்

பதில்: அசல் இல்லை. பூவே காட்டிக்கொடுத்துவிட்டது. ஏமன் நாட்டின் சொகோத்ரா தீவில் மட்டுமே இயற்கையாக வளரும் அடீனியம் சொகோட்ரானம், விதையிலிருந்து வளர்ந்து பூக்கப் பல ஆண்டுகள் எடுக்கும். சிறு தொட்டியில் மூன்று வயதில் பூக்காது. நர்சரிகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ‘தாய் சோகோ’. அது அரேபிக்கம் என்ற இன்னொரு அடீனியம் இனத்தின் வழிவந்த தாய்லாந்து ரகம். நெருக்கமாகக் கிளைத்து, சீக்கிரம் பூத்துவிடும். அழகான செடிதான், நன்றாக வளருங்கள். ஆனால் அசலின் விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது.

அசலை இளம் வயதிலேயே பார்த்துச் சொல்ல, தண்டைக் கவனியுங்கள். கூம்பு போல ஒற்றையாக நிமிர்ந்து நிற்கும், கிளைப்பது தாமதம். தீவில் முதிர்ந்தவை 4 மீட்டருக்கு மேல் உயர்ந்து, அடிமரம் 2 மீட்டருக்கும் அதிகமாகப் பருத்து நிற்கின்றன. இலை கரும்பச்சை, வழுவழுப்பு, நடுநரம்பு வெளிறித் தெரியும். அரேபிக்கத்தின் இளம் இலையைத் தடவினால் மெல்லிய ரோமம் விரலில் படும். நடுநரம்பை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்; கலப்பினங்களிலும் அது வெளிறியிருக்கும். ஓராண்டு முழுக்கக் கவனிப்பதுதான் நல்ல சோதனை. அசல் செடி சில மாதங்களே துளிர்த்து வளரும். மிச்ச நாளெல்லாம், தண்ணீர் ஊற்றினாலும், மொட்டையாக உறங்கும்.

கேள்வி: விதை வாங்கிப் போடலாமா? பதியன் குச்சி போதாதா? – வாசகர், கொளத்தூர்

பதில்: குச்சி வேர்பிடிக்கும், ஆனால் அடித்தண்டு விதைச்செடி போலப் பருக்காது. ஆகவே விதைதான். இரண்டு முனையிலும் பஞ்சுக்குஞ்சம் உள்ள அந்தப் பழுப்பு விதையை வைத்து எந்த இனம் என்று சொல்ல முடியாது. தாய்ச்செடியைப் பார்த்தோ, நம்பகமானவரிடமோதான் வாங்க வேண்டும். பழைய விதை முளைக்காது.

மார்ச் முதல் ஜூன் வரை விதையுங்கள். 2 மணி நேரம் ஊறவைத்து, படுக்கைவசமாக வைத்து, 3 முதல் 5 மி.மீ. மணல் தூவினால் போதும். அரைநிழலில் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். கலவை: 3–6 மி.மீ. செங்கல் ஜல்லி 4 பங்கு, கொரகொரப்பான ஆற்றுமணல் 2, கரித்துண்டு 1, மண்புழு உரம் 1. ஜல்லியைச் சலித்துத் தூளை நீக்கியே ஆகவேண்டும். தூள் அடியில் இறங்கி வடிகால் துளையை அடைத்துவிடும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம் சேர்த்தால் வெயிலில் நன்றாகத்தான் இருக்கும், ஐப்பசி மழையில் வேர் போய்விடும்.

கேள்வி: நவம்பர் மழைக்குப் பிறகு தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. – வாசகர், வியாசர்பாடி

பதில்: முதலில் அழுத்திப் பாருங்கள். தண்டு முழுக்க ஒரே சீராகத் தளர்ந்திருந்தால் தாகம். தண்ணீர் விட்ட சில நாளில் கெட்டிப்படும். ஒரு இடத்தில் மட்டும் விரல் அமுங்கி, ஈரம் கசிந்தால் அழுகல். நீங்கள் சொல்வது அழுகல். இன்றே வெளியே எடுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள்.

அரளிக் குடும்பத்துச் செடி, சாறு இதயத்தைப் பாதிக்கும் விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் பழுப்புச் சதையைச் செதுக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத வெளிர்ச்சதை வரும்வரை நிறுத்தாதீர்கள். ஒரு புள்ளி மிஞ்சினாலும் உள்ளேயே பரவும். வெட்டில் கார்பன்டாசிம்–மான்கோசெப் பூஞ்சைக்கொல்லித் தூள் தடவி, நிழலில் காற்றோட்டமாக 10 நாள் தொங்கவிட்டு, உலர்ந்த கலவையில் நடுங்கள். நட்டு ஒரு வாரம் கழித்தே தண்ணீர்.

அடுத்த முறை அக்டோபர் நடுவில் உரத்தை நிறுத்தி, தட்டுகளை எடுத்துவிட்டு, செடியைக் கூரை ஷீட்டுக்கு அடியில் நகர்த்துங்கள். நகர்த்த முடியாத பெரிய தொட்டியை மழை நாட்களில் சாய்த்து வைத்தாலே பாதித் தண்ணீர் உள்ளே போகாது.

கேள்வி: தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு, இலை நுனி கருகுகிறது. – வாசகி, எண்ணூர்

பதில்: போர் தண்ணீரின் உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பது தெரிந்ததே. உங்கள் பக்கமும் கவனமாக இருக்க வேண்டும். மழைநீரைப் பிடித்துவைத்து, மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஊற்றி வடியவிடுங்கள். வடிந்ததைத் தட்டில் தேங்கவிடாதீர்கள்.

கேள்வி: ஒரே இரவில் இலையெல்லாம் காணோம். – வாசகர், பெரம்பூர்

பதில்: அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. பச்சை உடம்பு, தலைப்பக்கம் நீலக் கண்புள்ளி, வாலில் சிறு கொம்பு. கீழே கறுப்பு எச்சம் கிடந்தால் அதற்கு நேர் மேலே தேடுங்கள். கையால் பொறுக்கினாலே போதும், மருந்து வேண்டாம். தண்டு கெட்டியாக இருந்தால் மறுபடி துளிர்க்கும்; அதுவரை தண்ணீரைக் குறையுங்கள்.